பின் சீட்டுச் சத்தம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை இப்பிடிக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன். நான் வெள்ளகோயில் வரைக்கும்தானுங்க. என்ன கேட்டீங்க? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இந்த டிரைவர் ரெண்டாவது கியர்லயே உருட்டறான், அந்த எரைச்சல்ல ஒண்ணும் காதுல உழுக மாட்டீங்குது. ஆமாங்க, கையில இருக்கறது கார் சாவிதான். கார் வெச்சிருக்கறவன் எதுக்கு பஸ்ல போறான்னு கேக்கறீங்க. நல்ல கேள்விதான். கார் இருக்குதுங்க, இப்ப நல்லாவும் ஓடுது. ஆனா நான் பஸ்லதான் போறேன், எம்பட ஊட்டுக்காரியக் கூட்டிட்டு வரதுக்கு. அவ வருவாளா மாட்டாளான்னு இந்த நிமிசம் வரைக்கும் எனக்குத் தெரியாது. எல்லாம் அந்தக் கார் பண்ணுன வேலை. காரைச் சொல்லி என்னங்க பண்றது, நான் பண்ணுன வேலை.

சோமனூருங்க நமக்கு. சென்னியப்பன்னு பேரு. தறிக்குடோன் வெச்சிருக்கறேன். சின்ன வயசுல இருந்தே தறிச் சத்தத்துலதான் பொழப்பு. குடோனுக்கு நடுவால நான் வந்து நின்னன்னா, அத்தனை தறி தடதடங்கறதுல எந்தத் தறியில நூலை இழுத்துட்டு ஓடற நாடா ஒழுங்கா ஓடலைன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். தறிக்காரங்க எல்லாம், "சென்னியப்பண்ணன் காதுக்குத் தப்பி ஒரு ஊசி உழுக முடியாது"ம்பாங்க. எனக்கும் அதுல கொஞ்சம் தலைக்கனம்தான். ஊட்டுல மிக்ஸி ரிப்பேருன்னாலும், பக்கத்து ஊட்டு மோட்டார் ரிப்பேருன்னாலும் நான் போயி காதைக் குடுத்துக் கேட்டு, இன்ன கோளாறுன்னு சொல்லிட்டு வந்துருவேன். அதுக்கப்பறம் அவங்க என்ன பண்ணுனாங்கன்னு போயி விசாரிச்சதில்லை. விசாரிச்சிருக்கணும்.

காரு செகண்ட் ஹேண்டுங்க. பெட்ரோல் வண்டி. அது வந்ததும் எங்க பங்காளிகளுக்கெல்லாம் ஒரே சந்தோசம். ஏன்னா எங்க பக்கம், பங்காளிகள்ல ஒருத்தன் கார் வாங்குனா அது அவன் கார் இல்லீங்க. மாப்பிள்ளை அழைக்க அது போகணும், காதுகுத்துக்குப் போகணும், ஆசுபத்திரிக்குப் போகணும், சும்மா பழனிக்கும் போகணும். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டா அடுத்த நோம்பி திருவிழாவுல மொகம் குடுத்துப் பேச மாட்டாங்க. அதுக்கு நான் ஒரு உபாயம் கண்டுபுடிச்சேன். புத்திசாலின்னா நாந்தாங்க புத்திசாலி. டேங்கை நெப்பறதே இல்லை. முள்ளு எப்பவும் ரிசர்வுல படுத்தே கெடக்கும். ஆராச்சும் சாவி கேட்டு வந்தா, "தாராளமா எடுத்துட்டுப் போப்பா, பெட்ரோல் மட்டும் இல்லை, பங்க்ல உட்டுக்க"ம்பேன். பாதிப்பேரு, "செரிண்ணா, அப்பறமா வரேன்"னு போயிருவாங்க. இல்லைன்னும் சொல்லலை, காரும் போகலை. இந்த உபாயத்தை நாலு பேருத்துக்கு வேற சொல்லிக் குடுத்திருக்கறேன்.

அந்தக் கார்ல முன்சீட்டு எங்கப்பாவுக்கு. எம்பட ஊட்டுக்காரி, ருக்குமணின்னு பேரு, அவ பின்னால உக்காருவா. அப்பா காலமான பொறவு அந்த எடத்துல ஆரையும் உக்கார வெக்க எனக்கு மனசு வரலீங்க. நூல் மூட்டை, துணி சாம்பிள் வெச்ச பை, இதெல்லாம் அந்த எடத்துல வெச்சுக்குவேன். ருக்குமணி வழக்கம் போலப் பின்னால. நாங்க ரெண்டு பேரு மட்டும் போனாலும் அப்படித்தான். அவளும் ஒரு நா ஒரு பொழுது கேட்டதில்லை. கேட்டதில்லைன்னுதான் நான் நெனைச்சுட்டு இருக்கறேன்.

மாசி கடைசியில, வெயில் ஏற ஆரம்பிச்சப்பத்தான் வண்டி மக்கர் பண்ணுச்சு. காத்தால எடுத்தா கன்னுக்குட்டி மாதிரி ஓடும். ஒரு மணி நேரம் ஓடி, வெயிலும் சுள்ளுன்னு ஏறி, ஒரு பாலத்து மேட்டுல அழுத்துனா, வெட்டி வெட்டி இழுக்கும். அப்பறம் பொசுக்குன்னு நின்னுரும். அப்பவே ருக்குமணி பின்னால இருந்து சொன்னாளுங்க.

"ஏனுங், சீட்டுக்கடியில என்னமோ ஙொய்யின்னு கத்துதுங்க."

நான் காதைத் தீட்டிக் கேட்டேன். ஒண்ணுமே இல்லை. "அது ரோட்டுச் சத்தம், பேசாம உக்காரு"ன்னேன்.

மொத தடவை காரணம்பேட்டையத் தாண்டி நின்னுச்சு. பானெட்டைத் தொறந்தேன். நாலு பிளக்கையும் கழட்டி, வேட்டி முனையில தொடைச்சு, ஊதி, திருப்பி மாட்டுனேன். சாவியத் திருகுனேன், டுர்ருன்னு புடிச்சுக்கிச்சு. பாத்தியான்னு ருக்குமணியத் திரும்பிப் பாத்தேன். அவ முந்தானையச் சுருட்டி காதுல வெச்சுட்டு உக்காந்திருந்தா. அடுத்த தடவை பேட்டரின்னு முடிவு பண்ணி, டெர்மினலைச் சொரண்டுனேன். ஸ்டார்ட் ஆச்சு. அதுக்கு அடுத்த தடவை ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தி, மேல ஈரத்துண்டு போத்துனேன், ஸ்டார்ட் ஆச்சு. ஒரு தடவை எனக்கே சலிச்சுப் போயி, எதையுமே தொடாம, முன்டயர்ல ஒரு ஒதை உட்டுட்டு, பக்கத்துப் பேக்கரியில டீயும் வடையும் சாப்பிட்டு வந்து திருகுனேன். அதுக்கும் ஸ்டார்ட் ஆச்சுங்க! டயர்ல ஒதைக்கறதும் ஒரு வைத்தியம்னு அன்னைக்கு மனசுல குறிச்சு வெச்சுட்டேன். காக்கா உக்காரப் பனம்பழம் உழுந்த கதைன்னு எங்கப்பன் சத்தியமா எனக்கு ஒறைக்கலை. வண்டி செத்த நேரம் ஆறுனாத் தானாக் கெளம்பும், நான் பிளக்கைத் தொடைச்சாலும் செரி, வடை தின்னாலும் செரி.

எங்க ஊர் மெக்கானிக் லாரன்ஸ் பையன்கிட்டயும் கொண்டு போயி உட்டேன். ஆனா நான் ஆரு? சும்மா உட்டுட்டு வர ஆளா? "லாரன்ஸு, இக்னீசன் காயில் போயிருச்சு, மாத்து"ன்னேன். மாத்துனான். "பேட்டரியும் வீக்கு"ன்னேன். அதையும் மாத்துனான். ஒவ்வொரு தடவையும் என்னமோ சொல்ல வாயத் தொறப்பான். நான் கைய ஆட்டி அடக்கிப்புடுவேன்.

ருக்குமணி அந்தச் சத்தத்தைப் பத்தி மூணு நாலு தடவை சொன்னா. "இன்னைக்கு நெம்பக் கத்துதுங்க"ன்னா. "மேடு ஏறையில அழுகற மாதிரி இருக்குதுங்க"ன்னா. எனக்குக் கேக்காத சத்தம் உனக்கு எங்கடி கேக்குதுன்னு சிரிச்சேன். தறிக்குடோன்ல ஊசி உழுந்தாச் சொல்ற காது இதுன்னேன். அதுக்கப்பறம் அவ சொல்றத உட்டுட்டா. நானும், சத்தம் நின்னு போச்சு போலன்னு நெனைச்சுட்டேன்.

இப்ப விசயத்துக்கு வரேன். ருக்குமணிக்கு ஒரே தம்பி, லோகநாதன். நல்ல பையன், வெள்ளகோயில்ல தோட்டம் இருக்குது, தென்னை இருக்குது, நாப்பது வயசைத் தாண்டியும் பொண்ணு அமையலை. எங்க பக்கம் அந்தக் கொடுமை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவனுக்குப் பொண்ணு தேடி அலைஞ்சதுல செருப்புத் தேஞ்சது ருக்குமணிக்குத்தான். ஜாதகத்தைத் தூக்கிட்டு அவ ஏறாத படி இல்லை. "பையனுக்கு வயசு ஆயிருச்சுங்களே"ன்னு ஒவ்வொரு ஊட்டுலயும் கேட்டுட்டு, மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு வருவா. கடைசியா போன வைகாசியில அமைஞ்சுதுங்க. அன்னைக்கு அவ அடுப்படியில உக்காந்து அழுதா. சந்தோசத்துலதான்.

எங்க பக்கத்துக் கண்ணாலத்துல இணைச்சீர்னு ஒண்ணு உண்டு, தெரியுமில்லீங்க? முகூர்த்தத்துக்கு மொதநா சாயங்காலம், மாப்பிள்ளையும் அவனோட கூடப் பொறந்தவளும் ஒரே சேலையோட ரெண்டு முனையப் புடிச்சுட்டு நிக்கணும். அக்கா தங்கச்சி செய்யற சீர் அது. கூடப் பொறந்தவ இல்லைன்னா பங்காளி ஊட்டுப் புள்ளைய நிறுத்துவாங்க. ஆனா கூடப் பொறந்தவ உசுரோட இருக்கையில இன்னொருத்தி அந்தச் சேலையப் புடிச்சா, அதை விட ஒரு பொம்பளைக்கு வேற என்னங்க வேணும் சாகறதுக்கு? ருக்குமணிக்கு அது ஒண்ணுதான் ஆசை. இருவது வருசமா அந்தச் சேலையத்தான் மனசுல புடிச்சுட்டு இருந்தா.

அவ மொதநாளே மண்டபத்துக்குப் போறேன்னா. நாந்தான், குடோன்ல சோலி இருக்குது, நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு கார்ல போயிக்கலாம்னு நிறுத்தி வெச்சேன். கெளம்பறப்ப மெதுவாச் சொன்னா, "பஸ்லயே போயிரலாமுங்க, வெள்ளகோயிலுக்கு நெறைய பஸ் இருக்குது"ன்னு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. கார் வெச்சிருக்கறவன் பொண்டாட்டி மச்சினன் கண்ணாலத்துக்கு பஸ்ல போயி எறங்குனா எம்பட மானம் என்னாவறது? ஏறு கார்லன்னேன். ஏறுனா. பின்னாலதான். சீர்த்தட்டும் பூக்கூடையும் அவ மடியில, முன்சீட்டுல என்னோட நூல் மூட்டை.

வழியில பெட்ரோல் போட்டுக்கலாம்னு நெனைச்சேன். அப்பறம், கண்ணால ஊட்டுல நெப்புன டேங்கோட போயி நின்னா, கண்டவனும் சாவியக் கேப்பானேன்னு உட்டுட்டேன். பாருங்க எம்பட புத்திய.

காங்கயத்துக்கு முன்னால ஒரு தடவை நின்னுச்சு. பிளக்கைத் தொடைச்சேன். ஸ்டார்ட் ஆச்சு. காங்கயம் தாண்டி, பொட்டக் காட்டுல, நெழலுக்கு ஒரு வேலா மரங்கூட இல்லாத எடத்துல, மறுபடியும் நின்னுச்சு. நான் பானெட்டுக்குள்ள தலைய உட்டுட்டேன். வேர்த்து ஊத்துது. நானும் சொரண்டறேன், தொடைக்கறேன், ஊதறேன், ஒதைக்கறேன். இந்தத் தடவை எந்த வைத்தியமும் எடுபடலை. தலையத் தூக்கிப் பாத்தா, ருக்குமணி பட்டுச் சேலையோட ரோட்டுல நிக்கறா. கையில சீர்த்தட்டு. தேங்காப்பருப்பு ஏத்துன டெம்போ ஒண்ணு அவளுக்கு முன்னால நின்னுருச்சு.

"நேரம் ஆவுதுங்க. நீங்க பாத்துட்டு வாங்க"ன்னா.

அவ்வளவுதான். கதவைத் தொறந்து, டிரைவருக்குப் பக்கத்துல, முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டா! நம்மூட்டுப் பொம்பளை, முன்பின் தெரியாத டெம்போவுல, முன்சீட்டுல! கண்ணாடியில அவ மொகம் தெரிஞ்சுது. திரும்பிப் பாக்கலை. அந்த நேரத்துலயும் எனக்கு என்ன கவலைங்கறீங்க? டெம்போவுல வந்து எறங்கறதை மண்டபத்து வாசல்ல ஆரெல்லாம் பாப்பாங்கங்கறதுதான்.

பொழுது சாஞ்சு, வண்டி ஆறித் தானாக் கெளம்பி, நான் போயிச் சேந்தப்ப சீர் முடிஞ்சு, பந்தி நடந்துட்டு இருந்துச்சு. ருக்குமணி நேரத்துக்குப் போயிட்டாளுங்க. சரியான நேரத்துக்கு. இன்னும் கொஞ்சம் தாமசமாயிருந்தா பெரியப்பா மகளை நிறுத்தறதாப் பேச்சாம். ஆரோ ஒருத்தன் போன்ல வீடியோ காமிச்சான். அக்காளும் தம்பியும் ஒரே சேலையப் புடிச்சுட்டு நிக்கறாங்க. தம்பிக்கும் காது ஓரத்துல நரை, அக்காளுக்கும் நரை. ருக்குமணி அழுகறா, சிரிக்கறா, ரெண்டும் ஒண்ணா. அப்படி ஒரு மொகத்தை நான் பாத்ததே இல்லீங்க. அதையும் போன்லதான் பாத்தேன். இன்னொருக்காப் போடுப்பான்னு கேக்கலாம்னு இருந்துச்சு. ஆனா பக்கத்துல பங்காளிக நின்னாங்க, உடனே, "பெட்ரோல் லைன்ல குப்பை, நான் இல்லைன்னா இன்னைக்கு வண்டி வந்தே சேந்திருக்காது"ன்னு வாய் கூசாமப் பேசுனேன்.

அப்பத்தான் ருக்குமணி எம்பக்கம் வந்தா. மேளக்காரங்க ஒரு பக்கம், மைக் செட்டு ஒரு பக்கம். அவ என் கிட்டத்துல நின்னு என்னமோ சொன்னா. ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை இல்லை, நெறையச் சொன்னா. உதடு அசையறது தெரிஞ்சுது. நான் சிரிச்சுட்டே, "செரி, செரி, ஆகட்டும்"னு தலைய ஆட்டுனேன். அவ என்னையவே கொஞ்ச நேரம் பாத்தா. அப்பறம் போயிட்டா.

முகூர்த்தம் முடிஞ்சு, மறுவிருந்துக்கெல்லாம் அக்கா இருக்கோணும்னாங்க. நான் அடுத்த நா விடியால கெளம்பி வந்துட்டேன். வர்றப்ப குளுகுளுன்னு காத்து, வண்டி ஒரு எடத்துல வெட்டோணுமே? வெட்டவே இல்லை. நம்ம மேல இருந்த கோவம் தீந்துருச்சு போலன்னு நெனைச்சேன், காருக்கு.

மத்தியானம் லாரன்ஸ்கிட்டப் போனேன். வா, ஒரு ரவுண்டு போலாம், ஓட்டிக் காட்டறேன்னேன். முன்சீட்டுல நூல் மூட்டை இருக்கவே அவன் பின்னால ஏறுனான். தெரு முக்குத் திரும்பலீங்க தம்பி, "அண்ணா, பம்ப்பு!"ன்னு கத்துனான். "என்னடா பம்ப்பு?" "பெட்ரோல் பம்ப்புண்ணா, சீட்டுக்கடியில டேங்குக்குள்ள இருக்கறது. இந்தக் கத்துக் கத்துதே, உங்களுக்குக் கேக்கலையா?"ன்னான். பின்சீட்டைத் தூக்கி, மூடியக் கழட்டி, அதை வெளிய எடுத்தான். என்னமோ பெருசா இருக்கும்னு பாத்தா, ஒரு கையில அடங்கற சாமான். அதுதான் டேங்குல இருக்கற பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளுமாம். பெட்ரோல்ல முழுகியே கெடக்கணுமாம், பெட்ரோல்தான் அதுக்குச் சூட்டைத் தணிக்குமாம். "டேங்கை எப்பவும் வறட்டியே ஓட்டுனா அது வெந்துதாண்ணா சாகும். சூடானா நிக்கும், ஆறுனா ஓடும். வேண்டிய மட்டும் கத்திப் பாத்திருக்குது"ன்னான். இதை ஏண்டா முன்னாடியே சொல்லலைன்னேன். "நீங்க என்னைய வாயத் தொறக்க உட்டீங்களாண்ணா? நானே பேட்டரின்னுதான் மொதல்ல நெனைச்சேன், அது வேற விசயம்"னு சிரிச்சான்.

சும்மா இருக்காம, ரெண்டு வயரைக் குடுத்து அந்தப் பம்ப்பை ஒரு கணம் ஓட்டிக் காட்டுனான். அங்க நின்னவங்க எல்லாம் மொகத்தைச் சுளிச்சாங்க. டீ குடுக்க வந்த அம்மா காதைப் பொத்திக்கிச்சு. லாரன்ஸ் அதை என் கையில வெச்சு, "இப்பக் கேக்குதாண்ணா?"ன்னான்.

கையில நடுங்குச்சுங்க. புடிச்ச குருவி நடுங்கற மாதிரி நடுங்குச்சு. சத்தம் வரலை. நான் எல்லார் மொகத்தையும் பாத்தேன். "ஆமா, ஆமா, கேக்குது"ன்னேன்.

கேக்கலீங்க தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போயிருவீங்க. கீச்சுன்னு மெல்லிசா வர்ற சத்தம் எதுவுமே எனக்குக் கேக்கறதில்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. தறிச் சத்தம் தின்னுருச்சு. இப்ப யோசிச்சாத் தெரியுது, குடோன்ல கோளாறு சொன்னது காதே இல்லீங்க, பாதம். தரை அதுருமில்லீங்க, அதை வெச்சுத்தான் சொல்லியிருக்கறேன். காதுக்குப் பேரு வாங்கிக் குடுத்தது காலு. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தாம் போயிக் கழனிப்பானையில உழுகுமாம் துள்ளி.

புதுப் பம்ப்பு மாட்டி ஓட்டிட்டு வரையில, ஒரு லாரிக்காரன் வந்து குறுக்க நிறுத்திட்டு எறங்கி வந்தான். இத்தனை நேரம் ஹாரன் அடிக்கறேன், காது என்ன செவிடான்னு கேட்டான். வழக்கமா அப்படிக் கேட்டா நான் நாலு வார்த்தை திருப்பிக் குடுப்பேன். அன்னைக்குப் பதில் தெரிஞ்சிருந்ததால சும்மா நின்னுட்டேன். அதுல இருந்து வண்டிய எடுக்கப் பயமா இருக்குது. சாவிய மட்டும் பழக்க தோசத்துல தூக்கிட்டுத் திரியறேன்.

ஆனா பின்சீட்டை லாரன்ஸ்கிட்டச் சொல்லி ஜம்முன்னு பண்ணி வெச்சிருக்கறேனுங்க. புதுக் கவரு, மெத்துன்னு ஒரு திண்டு. ருக்குமணி வந்தாச் சொகமா உக்காந்துக்கலாம். டேங்கும் நெப்பியாச்சு. என்னங்க சிரிக்கறீங்க? ஏதோ சொன்னீங்களே, என்ன சொன்னீங்க? செரி, உடுங்க.

மறுவிருந்தெல்லாம் முடிஞ்சும் அவ வரலை. போனும் பண்ணலை. நான் பண்ணுனா லோகநாதன்தான் எடுத்தான். ஸ்பீக்கர்ல போட்டு, காதோட ஒட்ட வெச்சுக் கேட்டேன். "அக்காளை எப்ப அனுப்பறே?"ன்னேன். அவன், "ஏனுங் மாமா, அக்கா அன்னைக்கு மண்டபத்துலயே உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாளாமே? நீங்களும் செரின்னு சொல்லிட்டீங்களாம்?"ன்னான்.

அக்கா என்ன சொன்னாள்னு அவன்கிட்டக் கேட்டிருக்கலாம். மச்சினன்கிட்டப் போயி, உங்கக்கா சொன்னது எனக்குக் கேக்கலை, கேக்காமயே தலையாட்டிட்டேன்னு எப்படீங்க சொல்றது? "ஆமா ஆமா, சொன்னா"ன்னு போனை வெச்சுட்டேன்.

அன்னைல இருந்து தூக்கம் இல்லை. அவ மொகத்தைத்தான் ஒவ்வொரு தடவையும் நெனைச்சு நெனைச்சுப் பாக்கறேன். கண்ணு கலங்கியிருந்துச்சு. அது தம்பிக்காகக் கலங்குனதா, எனக்காகக் கலங்குனதா? ரெண்டு நா கழிச்சு வரேன்னு சொன்னாளா, ஒரு மாசம் இருந்துட்டு வரேன்னாளா? அவ கோவமாச் சொன்ன மாதிரியும் இல்லீங்க. பொறுமையாத்தான் சொன்னா. அதுதான் எனக்குப் பயமா இருக்குது. கல்யாணமான நாள்ல இருந்து அவ எத்தனை சொல்லியிருப்பா, நான் எத்தனைக்கு இப்படித் தலையாட்டியிருப்பேன்.

போனதும் ஊட்டுக்குள்ள போயி உக்காந்து, மேளமில்லாத எடத்துல, அவ வாயைப் பாத்துட்டு, இன்னொருக்காச் சொல்லு ருக்குமணின்னு கேக்கணும். அவ சொல்லணும். இனி இந்த ஆளோட வரவே மாட்டேன்னு அன்னைக்கு அவ சொல்லியிருந்தாலும், தம்பி, நான் சிரிச்சுட்டே, செரி, ஆகட்டும்னுதானுங்க சொல்லியிருக்கறேன்.